அன்று கேட்ட கம்ப்யூட்டர்: வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் முதல் மாதத்தில் செய்யும் வேலை ஒன்று உண்டு. இன்டர்நெட் இணைப்பு வந்தவுடன், சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத பொருளைத் தேடிப் பார்ப்பார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் 1996-ல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை அப்படித்தான் தேடிப் பிடித்தார். இன்னொருவர் சாவி கொடுக்கும் எச்எம்டி வாட்ச் நான்கு வாங்கி வைத்திருக்கிறார். நான் தேடியது ஒரு கம்ப்யூட்டர். 52 வயதில், 1980-களின் கம்ப்யூட்டர் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கினேன். அது வீட்டிற்கு வந்து, பிளக்கில் மாட்டி, சுமார் நான்கு விநாடிகள் உயிருடன் இருந்தது.

அந்த நான்கு விநாடிக் கதையையும், அதற்குப் பிறகு பைசா செலவில்லாமல் அதே கம்ப்யூட்டரை என் லேப்டாப்பிற்குள்ளேயே ஓட்டிய விதத்தையும் இந்த மாதம் பார்ப்போம். நான் செய்த வரிசை தவறு. நீங்கள் சரியான வரிசையில் செய்திடலாம்.

திருச்சியில் பார்த்தது

எனக்குச் சொந்த ஊர் அரியலூர். வேலை பெரம்பலூரில். நான் படித்த காலத்தில் இரண்டு ஊரும் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் தனியாகப் பிரிந்து, 2002-ல் மறுபடியும் பெரம்பலூருடன் சேர்ந்து, 2007-ல் திரும்பவும் தனி மாவட்டமானது. போய்விட்டுத் திரும்பி வருவது எங்கள் பக்கத்திற்குப் புதிதல்ல.

அப்பா சிமென்ட் ஆலைத் தொழிலாளி. 1987 மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, திருச்சி உறையூரில் பெரியப்பா வீட்டிற்குப் போயிருந்தேன். பெரியப்பா மகனுக்கு அவனுடைய தாய்மாமா வளைகுடாவிலிருந்து ஒரு பொருள் கொண்டு வந்திருந்தார். கறுப்பு நிறத்தில், ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. சாம்பல் நிற ரப்பர் கீகள் 40. வலது ஓரத்தில் வானவில் போல நான்கு கோடுகள். அதுதான் சின்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்.

புதிய வாசகர்களுக்காக இதைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் 1982 ஏப்ரல் 23 அன்று இது அறிமுகமானது. சர் கிளைவ் சின்க்ளேர் என்பவரின் நிறுவனம். 48 கே மாடலின் அறிமுக விலை 175 பவுண்டு. உள்ளே இசட்80 பிராசசர், வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ். ரேம் 48 கேபி. உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தால், அது ஸ்பெக்ட்ரமைப் போல சுமார் 1,74,000 மடங்கு. இதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது, மானிட்டர் கிடையாது. வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். புரோகிராம்களைச் சாதாரணப் பாட்டு கேசட்டில் பதிவு செய்து, டேப் ரிக்கார்டரிலிருந்து ஏற்ற வேண்டும். முழு 48 கே புரோகிராம் ஏறுவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். நான்கைந்து நிமிடம் ஆகும். அதுவரை டேப்பிலிருந்து கீச்சென்று சத்தம், டிவியின் ஓரங்களில் மஞ்சள், நீலக் கோடுகள் ஓடும். 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் வாங்கியது. 1992 வரை ஸ்பெக்ட்ரம் தயாரிக்கப்பட்டது. விற்றவை 50 லட்சத்திற்கும் மேல்.

அண்ணன் என்னை முதல் நாள் தொடவிடவில்லை. மூன்றாம் நாள் பத்து நிமிடம் கொடுத்தான். என் பெயரைத் திரை முழுக்க வரவழைக்கும் இரண்டு வரி புரோகிராம் அடித்தேன். ஓடியது. அந்தப் பத்து நிமிடம் தவிர நான் ஸ்பெக்ட்ரமைத் தொட்டதே இல்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் அதனுடன் வந்த கையேட்டைப் பார்த்து, எந்தக் கீயை அழுத்தினால் எந்த ஆணை வரும் என்று 80 பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கையேட்டை எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். எனக்கு பேசிக் மொழி கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவர்தான் என்று சொல்லலாம். அரியலூர் வந்ததும் ஒரு அட்டையில் 40 கீகளையும் வரைந்து, அதில் விரல் வைத்து அடித்துப் பழகினேன். புரோகிராம்களை நோட்டில் எழுதி, பென்சிலால் வரி வரியாக நானே ஓட்டிப் பார்ப்பேன். விடை சரியாக வந்துவிடும். நானே கம்ப்யூட்டராக இருந்தால் வராமல் என்ன செய்யும்?

அப்பாவிடம் கேட்டேன். காரணமும் சொன்னேன். தாத்தாவிற்குச் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும். ஒவ்வொரு முறை வெங்காயம் போட்டுவிட்டு வந்ததும் மண்டிக் கணக்கு சரியா என்று திண்ணையில் பெரிய விவாதம் நடக்கும். "இது இருந்தா தாத்தா கணக்கை ஒரு நிமிஷத்துல போட்டுடலாம்பா" என்றேன். வெங்காயக் கணக்கிற்காகவே ஒரு புரோகிராம் எழுதி, தாத்தாவின் மண்டிச் சீட்டு ஒன்றையும் அதே பக்கத்தில் ஒட்டி அப்பாவிடம் காட்டினேன். அப்பா நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போனஸ் வரட்டும்டா" என்றார். போனஸ் வந்தது. அக்காவிற்கு நிச்சயம் செய்தார்கள். நான் திரும்பக் கேட்கவில்லை.

இந்தியாவில் அப்போது இந்தப் பொருள் இல்லாமலும் இல்லை. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்துத் தொடங்கியது. 1986-ல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் ஸ்பெக்ட்ரம் பிளஸ் மாடலை இங்கேயே விற்றது. எங்கள் பள்ளிக்கு எதுவும் வரவில்லை. டிபி ஸ்பெக்ட்ரம் என்று ஒன்று இருந்ததே எனக்கு நாற்பது வயதிற்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் போனஸ் அக்கா நிச்சயத்திற்குத்தான் போயிருக்கும்.

நான்கு விநாடி

2024 ஜூனில் வீட்டிற்கு லேப்டாப் வாங்கினோம். ஒரு வாரத்தில் பழைய பொருள்கள் விற்கும் பக்கம் ஒன்றில் ஸ்பெக்ட்ரம் கண்ணில் பட்டது. வெளிமாநிலத்தில் ஒருவர் வைத்திருந்தார். விலை 18,500 ரூபாய். "நல்ல நிலையில் உள்ளது, அடாப்டர் இல்லை" என்று போட்டிருந்தது. அந்த மாதம் மகளுக்கு ஹாஸ்டல் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு இன்னும் இருபது நாள் இருந்தது. பேரம் பேசவில்லை, வீடியோ கேட்கவில்லை, வீட்டில் சொல்லவும் இல்லை. பணத்தை அனுப்பிவிட்டேன்.

பார்சல் சரியாகவே வந்தது. "இது என்னங்க, கால்குலேட்டரா?" என்றார் மனைவி. விலையைப் பாதியாகச் சொன்னேன். (இந்த இதழ் வீட்டிற்கு வந்ததும் உண்மை தெரிந்துவிடும். தெரியட்டும்.)

ஸ்பெக்ட்ரமிற்கு 9 வோல்ட் வேண்டும் என்று தெரியும். பழைய இன்டர்நெட் மோடத்தின் 9 வோல்ட் அடாப்டர் ஒன்று பரணில் கிடந்தது. பின்னும் சரியாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டேன். டிவி திரை ஒரு முறை மினுக்கியது. பிறகு மெல்லிய சூடு வாசனை.

என்ன நடந்தது? இன்று நாம் பயன்படுத்தும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் பின்னின் நடுப்பகுதி பிளஸ், வெளி வளையம் மைனஸ். ஸ்பெக்ட்ரமில் இது தலைகீழ். நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். வோல்ட் சரி, பின் சரி, ஆனால் மின்சாரம் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்தது. 37 வருடம் காத்திருந்த பொருளை நானே கொன்றேன். விற்றவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பெரம்பலூரில் டிவி ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்து, 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐ.சி.யையும் ஒரு டிரான்சிஸ்டரையும் மாற்றினார். கூலி 300 ரூபாய்தான் வாங்கினார். இப்போது சுவிட்சைப் போட்டால் உயிர் வருகிறது. ஆனால் திரையில் வெறும் கோடுகள். மெமரி ஐ.சி.கள் போயிருக்கின்றன. 4116 என்ற எண் கொண்ட அந்த ஐ.சி.கள் எட்டு உண்டு. அவற்றிற்கு 5 வோல்ட் மட்டும் போதாது. மைனஸ் 5, பிளஸ் 12 வோல்ட்டும் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஐ.சி. அம்பேல். இந்த ஐ.சி.கள் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை.

வாங்குவதாக இருந்தால்

என்னைப் போல நீங்களும் ஏதாவது பழைய கம்ப்யூட்டரையோ வீடியோ கேம் பெட்டியையோ வாங்கத் துடித்துக்கொண்டிருந்தால், சிலவற்றைக் கவனியுங்கள்.

விற்பவரிடம் போட்டோ போதாது, வீடியோ கேளுங்கள். அது ஓடும்போது எடுத்த வீடியோவாக இருக்க வேண்டும். சுவிட்ச் போடுவதிலிருந்து தொடங்கி, திரையில் எழுத்து வந்து, எல்லாக் கீகளையும் ஒரு முறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரமில் ரப்பருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் உண்டு. அது காய்ந்து வெடித்து, ஒரு வரிசைக் கீகள் மொத்தமாக வேலை செய்யாமல் போவது சகஜம். இந்தத் தாள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. எனவே இந்தக் குறைக்காகப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடாப்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்காமல் மாட்டவே கூடாது. மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். பொருளின் மேலோ கையேட்டிலோ பின்னின் படம் போட்டு, நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று குறித்திருப்பார்கள். அதைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

பழைய கண்டன்சர்கள் நாற்பது வருடத்தில் வறண்டுவிடும். நன்றாக ஓடும் பெட்டி என்றாலும் மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றிவிடுவது நல்லது. டிவி இணைப்பையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரம் தன் படத்தை ஆன்டெனா வயர் வழியாக யுஎச்எஃப் 36-ம் சேனலில் அனுப்பும். உங்கள் டிவியில் பழைய வகை அனலாக் டியூனர் இருந்தால்தான் படம் வரும். 48 கே மாடலில் சத்தம் டிவியில் வராது. பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில்தான் வரும். பாழாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேரும். பொருளின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். முன்பணம் கேட்டு அவசரப்படுத்துபவரை விட்டுவிடுங்கள். இன்னொன்றும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் நம்பர் அடிக்கத் தேவையே இல்லை. "பணம் திருப்பி அனுப்புகிறேன், பின் நம்பர் அடியுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

பழைய பெட்டிதான் வேண்டும் என்றில்லை, அந்தத் தோற்றம் போதும் என்பவர்களுக்கு ஒரு புதிய வழியும் உண்டு. நான் கையைச் சுட்டுக்கொண்டு ஐந்து மாதம் கழித்து, 2024 நவம்பரில், ரெட்ரோ கேம்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் 'தி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் அதே அளவு, அதே ரப்பர் கீகளுடன் புதிய பெட்டி ஒன்றை வெளியிட்டது. எச்டிஎம்ஐ வயரில் டிவியில் மாட்டலாம். உள்ளே 48 கேம்கள். இங்கிலாந்தில் அறிமுக விலை 89.99 பவுண்டு. என் மகள் இந்தச் செய்தியைக் காட்டியபோது நான் சிரிக்கவில்லை.

எமுலேட்டர் என்றால் என்ன?

செத்த பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த மகள்தான் கேட்டாள். "அப்பா, இது உங்க லேப்டாப்லயே ஓடுமே?" அவள் படிப்பது சிவில் இன்ஜினியரிங். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஒரு கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும்படி இன்னொரு கம்ப்யூட்டரில் எழுதப்படும் புரோகிராம்தான் எமுலேட்டர். இசட்80 பிராசசர் ஒவ்வொரு ஆணைக்கும் என்ன செய்யுமோ அதை இந்தப் புரோகிராம் செய்யும். ஸ்பெக்ட்ரமின் உள்ளே இருந்த 16 கேபி ரோம் நினைவகத்தின் நகலும் இதற்கு வேண்டும். அந்த ரோமின் உரிமை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் வந்தது. எமுலேட்டர்களுடன் ரோம் நகலைச் சேர்த்து வழங்கிக்கொள்ள அந்த நிறுவனம் அனுமதி கொடுத்துவிட்டது. எனவே ரோமைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம்.

எளிய வழி முதலில். ஜேஎஸ்ஸ்பெக்கி என்று ஒரு எமுலேட்டர் உண்டு. இதை இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். பிரவுசரில் திறந்தால் அங்கேயே ஓடும். ஐந்து நிமிடம் தொட்டுப் பார்க்க இது போதும்.

தொடர்ந்து பயன்படுத்த ஃப்யூஸ் என்ற எமுலேட்டர் நல்லது. இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இதன் பக்கம் இருக்கிறது. தேடும்போது கவனம் தேவை. பெரிய பச்சை நிறத்தில் 'டவுன்லோட்' என்று மின்னும் பட்டன்கள் பலவும் விளம்பரங்கள். ஃப்யூஸ் பெயரும் வெர்ஷன் எண்ணும் உள்ள பைலை மட்டும் இறக்கி, உங்கள் ஆன்டி வைரஸ் புரோகிராமால் ஒரு முறை சோதித்துவிட்டு இன்ஸ்டால் செய்திடுங்கள்.

திறந்ததும் வெள்ளைத் திரை வரும். அடியில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்று ஆங்கிலத்தில் ஒரு காப்புரிமை வரி. உறையூரில் பார்த்த அதே வரி. எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

நீங்கள் என்டர் கீயைத் தட்டுங்கள். அந்த வரி மறைந்து, கே என்ற ஆங்கில எழுத்து மின்னும். அதுதான் கர்சர். 'ஆணை கொடு' என்று அர்த்தம். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். ஸ்பெக்ட்ரமில் ஆணையை எழுத்து எழுத்தாக அடிக்கக் கூடாது. பி கீயை ஒரு முறை அழுத்தினால் பிரிண்ட் என்ற முழுச் சொல்லும் வந்து நிற்கும். எல் அழுத்தினால் லெட். ஐ அழுத்தினால் இன்புட். ஆர் அழுத்தினால் ரன். ஆணை வந்ததும் கர்சர் எல் என்று மாறும். அதன் பிறகு அடிப்பவை சாதாரண எழுத்துகளாக வரும்.

குறியீடுகளுக்கு ஸ்பெக்ட்ரமில் சிம்பல் ஷிப்ட் என்று ஒரு கீ உண்டு. ஃப்யூஸில் அதற்குப் பதில் கன்ட்ரோல் கீ. அதைப் பிடித்துக்கொண்டு எல் அழுத்தினால் சமக்குறி, ஜே அழுத்தினால் கழித்தல், கே அழுத்தினால் கூட்டல், பி அழுத்தினால் (இது ஆங்கில அகரவரிசையில் இரண்டாவது எழுத்தான பி) பெருக்கல், வி அழுத்தினால் வகுத்தல். தவறாக அடித்ததை பேக்ஸ்பேஸ் கீயால் அழிக்கலாம். உங்கள் கீபோர்டு தமிழ் தட்டச்சில் இருந்தால் எதுவும் சரியாக வராது. முதலில் ஆங்கிலத்திற்கு மாற்றிவிடுங்கள். நான் இதில் அரை மணி நேரம் தொலைத்தேன்.

அடித்ததைச் சேமிக்க பைல் மெனுவில் ஸ்நாப்ஷாட் சேமிக்கும் வசதி உண்டு. எஃப் 2 கீயும் அதே வேலையைச் செய்யும். அந்த நொடியில் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பைலாகிவிடும். எஃப் 3 அழுத்தி அந்தப் பைலைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கேசட்டில் வந்த பழைய கேம்களும் இன்று பைல்களாகக் கிடைக்கின்றன. பல நிறுவனங்கள் தங்கள் பழைய கேம்களை இலவசமாக வழங்க அனுமதித்துள்ளன. சில மறுத்துள்ளன. அனுமதி உள்ளதா என்று பார்த்து இறக்குங்கள். எனக்குக் கேமில் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டு ஆடிப் பார்த்தேன். பதினைந்து வயதில் பிடித்திருக்கும்.

நோட்டில் இருந்த புரோகிராம்

அரியலூர் வீட்டுப் பெட்டியிலிருந்து அந்த 80 பக்க நோட்டை எடுத்து வந்தேன். வெங்காயப் புரோகிராம் ஆறு வரிதான். நீங்களும் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முதலில் எண்ணை அடித்து, பிறகு ஆணைக் கீயை அழுத்தி, கடைசியில் என்டர் தட்ட வேண்டும்.

வரி 10-ல் ஐ அழுத்தி இன்புட் வரவழைத்து, எம் என்று அடியுங்கள். இது மூட்டை எண்ணிக்கை. வரி 20-ல் அதேபோல் இன்புட், பிறகு வி. இது மூட்டை விலை. வரி 30-ல் எல் அழுத்தி லெட் வரவழைத்து, டி சமம் எம் பெருக்கல் வி என்று அடியுங்கள். டி என்பது மொத்தத் தொகை, டோட்டல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. வரி 40-ல் லெட், சி சமம் டி பெருக்கல் 8 வகுத்தல் 100. நூற்றுக்கு 8 ரூபாய் மண்டிக் கமிஷன். வரி 50-ல் லெட், என் சமம் டி கழித்தல் கே. வரி 60-ல் பி அழுத்தி பிரிண்ட் வரவழைத்து என். இப்போது ஆர் அழுத்தி என்டர் தட்டினால் புரோகிராம் ஓடத் தொடங்கும்.

ஒட்டியிருந்த மண்டிச் சீட்டில் 17 மூட்டை, மூட்டை 112 ரூபாய் என்று இருந்தது. திரைக்குக் கீழே கர்சர் காத்திருந்தது. 17 அடித்து என்டர். 112 அடித்து என்டர். விடை வரவில்லை. 'வேரியபிள் நாட் ஃபவுண்ட்' என்ற செய்தியும், அதன் பக்கத்தில் 50:1 என்ற எண்ணும் வந்தன. 50-ம் வரியின் முதல் ஆணையில், மதிப்பே கொடுக்காத ஒரு பெயரைப் பயன்படுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். ஆமாம். கமிஷனுக்கு 40-ம் வரியில் சி என்று பெயர் வைத்துவிட்டு, 50-ம் வரியில் தமிழ் நினைப்பில் கே என்று எழுதியிருக்கிறேன். பென்சிலால் ஓட்டிய பையன் அதை கமிஷன் என்றே படித்துப் படித்துத் தாண்டியிருக்கிறான். அந்த நோட்டைத்தான் அப்பாவிடம் காட்டினேன். போனஸில் ஸ்பெக்ட்ரம் வாங்கியிருந்தால், அவர் முன்னால் ஓட்டிக் காட்டும் முதல் புரோகிராமே நின்றிருக்கும்.

திருத்துவது சுலபம். 50 என்று அடித்து, வரியைச் சரியாகத் திரும்ப அடித்தால் பழைய வரி போய் இது வந்துவிடும். கே இருந்த இடத்தில் சி. ரன். 17, 112. திரையில் 1751.68 என்று வந்தது.

சீட்டில் 1734 என்று இருந்தது.

கமிஷனை 9 ஆக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அரியலூர் போனேன். அப்பாவிற்கு இப்போது 80-ஐத் தாண்டிவிட்டது. கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. திரையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். தாத்தாவுடன் எத்தனையோ தடவை மண்டிக்குப் போனவர்.

"ஏத்துக்கூலியை விட்டுட்டியேடா" என்றார். "மூட்டைக்கு ஒரு ரூபா. அன்னிக்கே பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா சரி பண்ணிக்கிட்டு வந்து மறுபடியும் கேப்ப. நான் எங்க போறது?"

55 என்று அடித்தேன். லெட், என் சமம் என் கழித்தல் எம். 50-க்கும் 60-க்கும் நடுவில் அந்த வரி தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. வரி எண்களைப் பத்துப் பத்தாக விட்டு எழுதுவது இதற்காகத்தான். ரன். 17, 112. 1734.68.

"68 பைசா?" என்று கேட்டேன்.

"மண்டிக்காரன் எந்தக் காலத்துல சில்லறை குடுத்தான்" என்றார் அப்பா.